வேலூர் வட்டாரத்தில் குடும்பப் பல் மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூருக்கு மாற்றலாகியோ, வி.ஐ.டி.யில் வேலை கிடைத்தோ, ராணிப்பேட்டை சிப்காட்டில் பணிக்குச் சேர்ந்தோ குடும்பத்தோடு வந்து இறங்குகிறவர்களுக்கு மருத்துவத்தைப் பற்றிய கவலை பெரும்பாலும் இருப்பதில்லை. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் நோயாளிகள் ரயிலேறி வருகிற ஊர் இது, சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் தமிழோடு வங்காளத்திலும் இந்தியிலும் பெயர்ப்பலகைகள் தொங்குவதைப் பார்த்தாலே அது புரிந்துவிடும். ஆனால் பெரிய மருத்துவமனை ஊரில் இருப்பது வேறு. இரவு பத்து மணிக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிற ஐந்து வயதுப் பிள்ளையை மறுநாள் காலை யாரிடம் அழைத்துச் செல்வது என்று தெரிந்திருப்பது வேறு. இந்த இரண்டாவது கேள்விக்கான விடையை, வலி வருவதற்கு முன்பே, எரிவாயு இணைப்பையும் பள்ளிச் சேர்க்கையையும் மாற்றிக்கொண்டிருக்கும் அந்த முதல் வாரங்களிலேயே தேடி வைத்துவிட வேண்டும். வலியோடு முதன்முறை நாற்காலியில் ஏறும் பிள்ளைக்கு ஊசியும் பிடுங்கலும்தான் பல் மருத்துவம் என்று பதிந்துவிடுகிறது. ஒன்றும் நடக்காத ஒரு முதல் நாளைக் கண்ட பிள்ளைக்கு அப்படிப் பதிவதில்லை.

எந்த வயதில் தொடங்குவது

குழந்தைக்கு 6 மாத வாக்கில் முதல் பால் பல் எட்டிப் பார்க்கும். இரண்டரையிலிருந்து 3 வயதுக்குள் 20 பற்களும் முளைத்துவிடும். முதல் பல் வந்த 6 மாதங்களுக்குள், எப்படியும் முதல் பிறந்தநாளுக்குள், ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும் என்பது குழந்தைப் பல் மருத்துவத்தில் நிலைபெற்றுவிட்ட அறிவுரை. இதை வீட்டில் சொன்னால், "விழப்போகிற பல்லுக்கு எதற்கு டாக்டர்?" என்று பெரியவர்கள் சிரிப்பார்கள். விழப்போகிற பல்தான், ஆனால் எப்போது விழும் என்பதையும் பார்க்க வேண்டும். முன்பற்கள் 6, 7 வயதில் விழத் தொடங்குகின்றன. கடைவாய்ப் பால் பற்களோ 10 முதல் 12 வயது வரை வாயில் நின்று வேலை செய்ய வேண்டியவை. அவற்றில் ஒன்றை 5 வயதிலேயே சொத்தைக்குப் பறிகொடுத்தால், பக்கத்துப் பல் அந்த வெற்றிடத்தை நோக்கிச் சாய்ந்து, கீழிருந்து வரவேண்டிய நிலைப்பல்லுக்கு வழியடைத்துவிடும். பின்னாளில் கிளிப் போட்டுப் பல்லை வரிசைப்படுத்தும் வேலை பல பிள்ளைகளுக்கு இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் பிள்ளைக்கு ஏற்கெனவே நான்கு, ஐந்து வயதாகிவிட்டிருந்தாலும் குற்றமில்லை. வலி இல்லாத ஒரு நாளில் போக முடிந்தால் சரி.

எங்கே தேடுவது

சத்துவாச்சாரி, காந்தி நகர், காட்பாடி, தோட்டப்பாளையம், பாகாயம் என்று நகரத்தின் எந்தப் பக்கம் குடியிருந்தாலும் தனியார் பல் கிளினிக் ஒன்றேனும் பக்கத்தில் இருக்கும். ஆற்காடு, வாலாஜாபேட்டை, ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர்க்காரர்களும் இதற்காக வேலூருக்குப் பேருந்து ஏற வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. குடும்பப் பல் மருத்துவரைப் பொறுத்தவரை, புகழைவிடத் தொலைவைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நான்கு பேர் உள்ள குடும்பம், பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் நடுவே நேரம் ஒதுக்கிப் போய்வர வேண்டிய இடம் அது. அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் இடமென்றால் இரண்டாவது முறையே தள்ளிப்போகும், மூன்றாவது முறை மறந்தே போகும்.

சி.எம்.சி.யில் பல் மருத்துவத்துக்கும் வாய் அறுவை சிகிச்சைக்கும் தனித் துறை உண்டு. அங்கே மருத்துவமனை எண் பெற்று, முன்பதிவு செய்து, வரிசையில் காத்திருந்து காட்டுகிற முறை, சாதாரணப் பல் சுத்தத்துக்கும் சிறு சொத்தை அடைப்பதற்கும் ஒரு குடும்பத்துக்குச் சுமையாகவே இருக்கும். ஆனால் பிறவி இதயக் கோளாறு, ரத்தம் உறையாமை, வலிப்பு, வளர்ச்சிக் குறைபாடு போன்றவை உள்ள பிள்ளை என்றாலோ, முழு மயக்கம் கொடுத்துத்தான் சிகிச்சை செய்ய முடியும் என்ற நிலை வந்தாலோ, எல்லாத் துறைகளும் ஒரே கூரையின் கீழ் உள்ள பெரிய மருத்துவமனைதான் பாதுகாப்பானது. ஆகவே தெருமுனைக் கிளினிக்கையும் பெரிய மருத்துவமனையையும் போட்டியாக நினைக்காமல், "என்னால் முடியாததை நான் அங்கே எழுதி அனுப்புவேன்" என்று தயக்கமின்றிச் சொல்லும் மருத்துவரைத் தேடுங்கள்.

அரசுத் தரப்பில், அடுக்கம்பாறையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. அரசுப் பள்ளியிலோ அங்கன்வாடியிலோ பிள்ளை படித்தால், 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு, அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் வந்து பரிசோதிக்க வேண்டும். அந்தப் பரிசோதனையில் பல் சொத்தையும் அடக்கம். அந்தக் குழு எழுதிக் கொடுக்கும் சீட்டைப் புத்தகப் பையின் அடியில் கசங்க விடாமல் வாங்கிப் பாருங்கள்.

விசாரணை

பக்கத்து வீட்டாரிடமும் பள்ளி வாசலில் நிற்கும் பெற்றோரிடமும் கேட்பது நல்ல வழிதான். "நல்ல டாக்டரா?" என்று கேட்டால் "ரொம்ப நல்லவர், கைராசிக்காரர்" என்ற பதில்தான் வரும், அதில் எந்தச் செய்தியும் இல்லை. "உங்கள் பிள்ளை வாயைத் திறக்க மாட்டேன் என்று அழுதபோது அவர் என்ன செய்தார்?" என்று கேளுங்கள். அன்றைக்கு விட்டுவிட்டு இன்னொரு நாள் வரச் சொன்னாரா, நர்ஸைக் கையைப் பிடிக்கச் சொல்லி வேலையை முடித்தாரா என்பதில்தான் உங்களுக்கு வேண்டிய விடை இருக்கிறது.

படிப்பைப் பொறுத்தவரை, பி.டி.எஸ். என்பது பயிற்சி ஆண்டையும் சேர்த்து 5 ஆண்டுப் படிப்பு; எம்.டி.எஸ். அதன்மேல் 3 ஆண்டு. எம்.டி.எஸ்.ஸில் குழந்தைப் பல் மருத்துவம் ஒரு தனிப் பிரிவு. எம்.டி.எஸ். என்று பலகையில் கண்டதும் எந்தப் பிரிவில் என்று கேளுங்கள். கிளிப் போடுவதில் நிபுணரும் ஈறு நிபுணரும்கூட எம்.டி.எஸ். படித்தவர்களே. குடும்பத்துக்குப் பொறுமையும் நேர்மையும் உள்ள ஒரு பி.டி.எஸ். மருத்துவர் போதும், குழந்தை நிபுணர் அந்தக் கிளினிக்குக்கு வாரத்தில் ஒரு நாளாவது வந்துபோகிறார் என்றால் கூடுதல் வசதி. தமிழ்நாடு பல் மருத்துவ மன்றத்தில் பெற்ற பதிவு எண் மருத்துவருக்கு இருக்க வேண்டும். 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கிளினிக்கும் தனியே பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் எங்கே என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பேருந்து நிலையத்தையும் சந்தையையும் ஒட்டி, உட்கார்ந்த இடத்திலேயே பல் கட்டித் தருகிறவர்கள், சொத்தையிலிருந்து புழு எடுத்துக் காட்டுகிறவர்கள் பக்கம் போகவே வேண்டாம். சொத்தையில் புழு கிடையாது. வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று உண்டாக்கும் அமிலம்தான் பல்லை அரிக்கிறது.

கருவிகளின் தூய்மையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வட்டாரத்துக்கு அதில் கசப்பான அனுபவம் உண்டு. 2019 வரை வேலூர் மாவட்டத்திலும் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்திலும் உள்ள வாணியம்பாடியில், ஒரு தனியார் பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களில் 8 பேர், 2023இல் வெளிச்சத்துக்கு வந்த ஒரு நோய்ப்பரவலில் இறந்துபோனார்கள். மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா உண்டாக்கும் மெலியாய்டோசிஸ் நோய் அவர்களின் மூளையைத் தாக்கியிருந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் பங்கேற்று 2025இல் வெளிவந்த ஆய்வு, திறந்த சலைன் (காயத்தைக் கழுவும் உப்புநீர்) பாட்டிலைச் சரியாக மூடாமல் வைத்து, அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் அதையே பயன்படுத்தியதை இதன் காரணமாகக் காட்டியது. ஒரு பாட்டில் சலைனை மிச்சம் பிடித்ததில் இத்தனை உயிர்கள் போயின.

ஆகவே கிளினிக்கில் இவற்றைக் கண்ணால் பாருங்கள்: வாய்க்குள் போகும் கருவிகள் ஒட்டப்பட்ட காகித உறையிலிருந்து உங்கள் முன்னிலையில் எடுக்கப்படுகின்றனவா, அந்த உறையில் நிறம் மாறும் அடையாளக் கோடு இருக்கிறதா என்று. அழுத்த நீராவியில் 121 முதல் 134 பாகை செல்சியஸ் வரை சூடேற்றும் ஆட்டோகிளேவ் கருவியில் வைத்தால்தான் அந்தக் கோடு நிறம் மாறும். வெந்நீரில் போட்டு எடுப்பதும் மருந்துநீரில் ஊறவைப்பதும் அதற்கு ஈடாகாது. ஒவ்வொரு நோயாளிக்கும் கிளவுஸ் புதிதாக மாற்றப்பட வேண்டும். கிளவுஸ் போட்ட கையாலேயே செல்போனை எடுத்துப் பேசிவிட்டு மறுபடி வாயில் கை வைத்தால் அதுவும் மாற்றப்பட வேண்டியதே. பல் பிடுங்கும்போதோ ஈறில் கத்தி வைக்கும்போதோ பயன்படுத்தும் சலைன் புதிதாகத் திறந்ததா என்று நேரடியாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் நாற்காலியிலிருந்து இறங்கிவிடலாம்.

முதலில் உங்கள் பல்லைக் காட்டுங்கள்

பிள்ளையை அழைத்துப் போவதற்கு முன், அப்பாவோ அம்மாவோ தன் பல்லைச் சுத்தம் செய்துகொள்ளப் போய் வருவதுதான் ஒரு கிளினிக்கை அறிய மிகச் சிறந்த வழி. அரை மணி நேரம் அந்த நாற்காலியில் சாய்ந்திருந்தாலே மேலே சொன்ன அத்தனையும் தெரிந்துவிடும். வெளியே காத்திருக்கும் பிள்ளைகளோடு வரவேற்பில் இருப்பவர் எந்தக் குரலில் பேசுகிறார் என்பதும் காதில் விழும். அப்படியே சில செய்திகளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சையின்போது பெற்றோர் உள்ளே இருக்கலாமா? மாலையிலும் ஞாயிறன்றும் திறந்திருக்குமா? நள்ளிரவில் வீக்கம் வந்தால் எந்த எண்ணில் பேசுவது? செலவைச் சிகிச்சைக்கு முன்பே தாளில் எழுதித் தருவார்களா?

எக்ஸ்ரேகூட எடுக்காமல் "ஆறு பல்லுக்கு ரூட் கெனால், ஆறுக்கும் கேப்" என்று முதல் நாளே கணக்குப் போடுகிற இடத்தில் அவசரப்பட வேண்டாம். சில பிள்ளைகளுக்கு அது உண்மையிலேயே தேவைப்படலாம். ஆனால் எக்ஸ்ரே படத்தின் நகலை வாங்கிக்கொண்டு இன்னொரு மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேட்பது உங்கள் உரிமை. அதேபோல, பல் வலிக்கு ஆண்டிபயாடிக் மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்புவதும் முழுச் சிகிச்சை ஆகாது. மாத்திரையில் வீக்கம் அடங்கினாலும் சொத்தை அங்கேயே இருக்கும், சில வாரங்களில் வலி திரும்ப வரும்.

பிள்ளையைப் பழக்குவது

இந்த வேலையில் பாதிக்கு மேல் வீட்டில்தான் நடக்கிறது, அதிலும் முதல் வேலை ஒரு பழக்கத்தைக் கைவிடுவது. சாப்பிட அடம் பிடித்தால், தூங்காமல் விளையாடினால், "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஊசி போட்டுடுவேன்" என்று மிரட்டுவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். மாதக்கணக்கில் அப்படி மிரட்டிவிட்டு, ஒருநாள் அதே டாக்டரைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னால் பிள்ளை எப்படிச் சிரிக்கும்? ஆயா, தாத்தா, அத்தை, வீட்டு வேலைக்கு வருகிறவர் எல்லோரிடமும் இந்தப் பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். பெரியவர்கள் தங்கள் பல் பிடுங்கிய கதைகளைப் பிள்ளைகள் முன் விவரிப்பதையும் சில காலம் ஒத்தி வைக்கலாம். அந்தக் கதைகளில் ரத்தம் எப்போதும் உண்மையைவிட அதிகமாகவே ஓடும்.

போவதற்கு ஓரிரு நாட்கள் முன்பு சொன்னால் போதும். ஒரு வாரம் முன்பே தொடங்கினால் பிள்ளை ஒரு வாரம் பயப்படும். சொல்லாமலே கடைக்குப் போவதாக ஏமாற்றி அழைத்துப் போனால் அடுத்த முறை கடைக்கே வராது. சொல்வதையும் சுருக்கமாகச் சொல்லுங்கள்: "பல் டாக்டர் உன் பல்லை எண்ணிப் பார்ப்பார், கண்ணாடி வைத்துப் பார்ப்பார்" என்பது போதும். "வலிக்கவே வலிக்காது", "ஊசி போட மாட்டார்" என்று உறுதி கொடுக்காதீர்கள். அதுவரை வலியைப் பற்றியே நினைக்காத பிள்ளையும் அந்தச் சொல்லைக் கேட்டு நினைக்கத் தொடங்கும், ஒருவேளை ஊசி போட நேர்ந்தால் நீங்கள் பொய் சொன்னவராகிவிடுவீர்கள். ஊசி போடுவாரா என்று பிள்ளையே கேட்டால், "எனக்குத் தெரியாது, எதைச் செய்தாலும் டாக்டர் முதலில் உனக்குச் சொல்லிவிட்டுத்தான் செய்வார்" என்பது நேர்மையான பதில்.

விளையாட்டு நன்றாக உதவும். மடியில் படுக்க வைத்து, சின்னக் கைக்கண்ணாடியால் பல்லை எண்ணுங்கள். பிறகு பிள்ளை உங்கள் பல்லை எண்ணட்டும், பொம்மையின் பல்லையும் எண்ணட்டும். செல்போன் விளக்கைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, வெளிச்சத்தில் வாயைத் திறந்து பத்து எண்ணும் வரை வைத்திருக்கப் பழக்குங்கள். மூத்த பிள்ளை தைரியசாலி என்றால், அதன் பரிசோதனையைத் தம்பியோ தங்கையோ பக்கத்தில் நின்று பார்க்கட்டும். மூத்தது அலறுகிற ரகம் என்றால் இருவரையும் வெவ்வேறு நாளில் அழைத்துச் செல்லுங்கள்.

நேரம் குறிப்பதிலும் கவனம் வேண்டும். சிறு பிள்ளைகளுக்குக் காலை நேரமே நல்லது; பள்ளி முடிந்து களைத்துப்போய், பசியோடும் தூக்கத்தோடும் வரும் மாலையில் எந்தப் பிள்ளையும் ஒத்துழைக்காது. கோடையில் 40 பாகையைத் தாண்டும் வேலூர் வெயிலில் நண்பகலில் ஆட்டோவில் போய் இறங்கினால், டாக்டர் தொடுவதற்கு முன்பே அழுகை தொடங்கிவிடும். இட்லி போன்ற லேசான உணவைக் கொடுத்து, பல் துலக்கி, பிடித்த பொம்மையோடு அழைத்துச் செல்லுங்கள். மயக்க மருந்து கொடுக்கப் போகிறார்கள் என்றால் மட்டும் உணவு விதி வேறு. எத்தனை மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும் என்று மருத்துவர் சொல்வதை அப்படியே பின்பற்ற வேண்டும். பழைய ஊரில் எடுத்த எக்ஸ்ரே, தடுப்பூசி அட்டை, ஒவ்வாமை விவரம், தற்போது கொடுக்கும் மருந்துச் சீட்டு ஆகியவற்றை ஒரு ஃபைலில் போட்டு எடுத்துச் செல்வது நல்லது.

நாற்காலியில்

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையை நாற்காலியில் ஏற்றவே தேவையில்லை. நீங்களும் மருத்துவரும் முழங்காலோடு முழங்கால் தொட எதிரெதிரே அமர்ந்து, குழந்தையின் முகம் உங்களைப் பார்க்கும்படி அதன் தலையை மருத்துவரின் மடியில் சாய்த்தால், இரண்டு நிமிடத்தில் பரிசோதனை முடிந்துவிடும். அந்த இரண்டு நிமிடமும் குழந்தை அழத்தான் செய்யும். அழும்போது வாய் நன்றாகத் திறந்திருப்பதால் மருத்துவருக்கு அது வசதியும்கூட.

பெரிய பிள்ளைகளிடம், செய்யப்போவதை முதலில் சொல்வதும், கருவியை விரல் நகத்தின் மேல் வைத்துக் காட்டுவதும், அதன் பிறகே வாயில் செய்வதும் பயிற்சி பெற்ற மருத்துவர்களின் முறை. அந்த நேரத்தில் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி பேசாமல் இருப்பதே. மருத்துவர் ஒன்று, அப்பா ஒன்று, அம்மா ஒன்று என்று மூன்று குரல் கட்டளையிட்டால் பிள்ளை எதையும் கேட்காது. கையையோ காலையோ மெல்லப் பிடித்துக்கொண்டு இருங்கள்.

முதல் நாளில் எண்ணிப் பார்ப்பதும், ஒருவேளை ஃப்ளோரைடு பூசுவதும் நடந்தால் போதும். வீக்கமோ காய்ச்சலோ இல்லாதவரை, சொத்தை இருந்தாலும் அடைப்பதை அடுத்த முறைக்குத் தள்ளலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

திரும்பி வந்த பிறகு

மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால் உதடும் கன்னமும் இரண்டு, மூன்று மணி நேரம் உணர்வில்லாமல் இருக்கும். அந்த வேடிக்கையில் பிள்ளைகள் உதட்டைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். மறுநாள் வீங்கிய உதட்டைப் பார்த்துப் பெற்றோர் ஊசியால் வந்தது என்று பதறுவதும் உண்டு. உணர்வு திரும்பும் வரை கண்ணை எடுக்காதீர்கள், மெல்லும் உணவு கொடுக்காதீர்கள். அழாமல் இருந்ததற்குப் பரிசாக ஆற்காடு மக்கன் பேடா என்னும் இனிப்பை வாங்கிக் கொடுப்பதில் உள்ள முரண்பாட்டை நான் விளக்க வேண்டியதில்லை. பென்சிலோ பந்தோ பூங்காவில் அரை மணி நேரமோ போதும்.

துலக்குவதைப் பொறுத்தவரை, 3 வயது வரை அரிசி மணி அளவும், 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவும் ஃப்ளோரைடு பேஸ்ட் போதும். விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் முழுக்கப் பிதுக்க வேண்டாம். 7, 8 வயது வரை பெரியவர்களே துலக்கிவிட வேண்டும், குறிப்பாக இரவில். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பது பழமொழி. ஆனால் சொரசொரப்பான பல்பொடியைப் பிஞ்சுப் பல்லில் தேய்ப்பது எனாமலைத் தேய்த்துவிடும். நீர் பற்றியும் ஒரு வார்த்தை. காவிரிக் கூட்டுக் குடிநீர், பாலாற்று நீர், ஆழ்துளைக் கிணற்று நீர் என்று இங்கே வீட்டுக்கு வீடு நீர் வேறுபடும். திருப்பத்தூர் மாவட்டத்தை ஒட்டிய கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்ததற்குப் பேர்போன மாவட்டங்கள். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருந்தால், முளைக்கும் நிலைப்பற்களில் வெள்ளைத் திட்டுகளும் பழுப்புக் கறைகளும் வரும். அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்களும், இங்கே ஆழ்துளைக் கிணற்று நீரையே குடிப்பவர்களும் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பேஸ்ட்டையும் ஃப்ளோரைடு பூச்சையும் அதற்கேற்ப அவர் முடிவு செய்வார்.

6 வயதில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் அது வருவதால் பல பெற்றோர் அதையும் பால் பல் என்று நினைத்துக் கவனிக்காமல் விடுகிறார்கள். அது ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய நிலைப்பல். அதன் மேற்பரப்பிலுள்ள ஆழமான பள்ளங்களில் உணவு தங்கிச் சொத்தையாவதைத் தடுக்க, பள்ளங்களை மூடும் ஒரு பூச்சு உண்டு. வலியில்லாதது, ஊசி தேவைப்படாதது. அந்த வயதில் இதைப் பற்றி நீங்களாகவே கேளுங்கள்.

கடைசியாக, விளையாட்டில் பல் தெறித்து விழுந்தால் என்ன செய்வது என்பதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டி வையுங்கள். விழுந்தது நிலைப்பல் என்றால், வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுத்து, அழுக்கிருந்தால் சில விநாடிகள் மட்டும் நீரில் அலசி, முடிந்தால் அதே குழியில் திரும்பப் பொருத்துங்கள்; முடியாவிட்டால் ஒரு தம்ளர் பாலில் போட்டு, ஒரு மணி நேரம் கடப்பதற்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் பல் மருத்துவரிடம் சேருங்கள். பால் பல் என்றால் திரும்பப் பொருத்தக் கூடாது. அது உள்ளே வளரும் நிலைப்பல்லைக் கெடுக்கும். ஈறைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, வேறு அடி இருக்கிறதா என்று அன்றே காட்டிவிட்டு வந்தால் போதும். அந்தத் தாளிலேயே உங்கள் பல் மருத்துவரின் எண்ணையும் எழுதி வையுங்கள்.